ஆன்ட்டி கூப்புடுது

— ரூம் காலியில்லைன்னு ஒரு தடவை சொன்னாப் போதாதாப்பா?

— காலியாத்தான் கீது சார். ஜன்னல் தொறந்து கெடக்குது. கொடியில ஒரு துண்டுகூட இல்ல. கேட்டாண்ட நின்னு நல்லாப் பார்த்துட்டுத்தான் மணி அடிச்சேன்.

— ஜன்னல் காத்துக்குத் தொறந்திருக்கு. சிட்லபாக்கத்துல வேற வீடே இல்லையா? ஏரிப் பக்கம் போய்க் கேளு. புதுசு புதுசாக் கட்டியிருக்காங்க.

— ஏரிப் பக்கம் கொசு ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னீங்க.

— நான் எப்ப உங்கிட்ட... இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். பார்த்தா வெள்ளைக்காரன் மாதிரி இருக்க. பேச்சு மட்டும் தாம்பரம் மார்க்கெட்ல மீனுக்கு விலை கேக்கறவன் மாதிரி...

— அங்கிள்.

— அடப்பாவி.

— ஹைதரு, அங்கிள். மாடி ரூம் ஹைதரு.

— தெரியுதுடா, தெரியுது. தாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வந்தா நான் என்ன சி.ஐ.டி.யா? வந்ததும் பேரைச் சொல்ல வேண்டியதுதானே?

— எத்தினி நேரம் தெரியாம இருப்பீங்கன்னு பார்த்தேன்.

— பார்த்துட்டியா? ரயில்வேயில சவுரிமுத்துன்னா பார்சலை வெளியில இருந்தே மோந்து பார்த்து, உள்ள என்னன்னு சொல்லிடுவான்னு பேரு. ரிடையர் ஆனதும் மூக்கும் ரிடையர் ஆயிடுச்சு. உள்ள வா. செருப்பை வெளியில விடு.

— விட்டுட்டேன். ஆன்ட்டி எங்க?

— பம்மல் போயிருக்கா. தங்கச்சி வீட்டுக்கு.

— எப்ப வரும்?

— சாயங்கால பஸ்ல வருவா. உக்காரு. அதுல இல்ல, அதுக்கு மூணு காலுதான். இதுல உக்காரு.

— ஆன்ட்டி செருப்பு இங்க கீது. வெறுங்காலோடயா பம்மலுக்குப் போச்சு?

— புதுசு வாங்கிட்டா. கால் வீங்குது இல்ல, அதனால பெரிய சைஸ். நீ எங்கடா அதையெல்லாம் பாக்கற? தண்ணி குடி. காபி போடட்டுமா?

— நீங்களா?

— ஏன், நான் போட்டா காபி ஆகாதா? ஆகாதுதான். இருந்தாலும் குடிச்சுப் பாரு, பெய்ரூட்ல குண்டுக்குப் பயப்படாம இருந்தவன்தானே நீ.

— கோழிங்க எங்க அங்கிள்? கொல்லையில சத்தமே காணோம்.

— வித்துட்டோம். அது கெடக்கட்டும், இன்னொருத்தன் எங்க?

— யாரு?

— யாருன்னா கேக்கற? உன் தம்பி, ஜவாத். தெருமுனையில நிக்க வெச்சுட்டு வந்தியா? வர்ற வழியில சண்டையா?

— அவன் வரல. ஊர்ல கீறான். பழைய காரு வாங்கி விக்கறான்.

— காரா? அவனா? என் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு போகச் சொன்னாலே ரெண்டு தடவை கீழ போடுவானே.

— இப்ப நல்லா ஓட்டறான்.

— கல்யாணம் ஆச்சா?

— ஆச்சு.

— பொண்ணு எந்த ஊரு?

— பார்த்துகினு கீறாங்க.

— ஆன கல்யாணத்துக்கு எதுக்குடா பொண்ணு பாக்கறாங்க?

— அது... எங்க ஊர்ல அப்டித்தான் அங்கிள். நிச்சியம் மாதிரி. சக்கரை எங்க?

— மேல் தட்டுல, ஹார்லிக்ஸ் பாட்டில்ல. ஆமா, அதே எடந்தான். எதையும் எடம் மாத்தறதில்ல. சரி, நீ இப்ப எங்கேர்ந்து வர்ற, எங்க போற? அதைச் சொல்லு.

— கப்பல்ல சைப்ரஸ். அங்கேர்ந்து ப்ளேன்ல பம்பாய். அப்பறம் ரயிலு. ஆப்பிரிக்கா போறேன். எங்க மாமா அபிட்ஜான்ல துணிக்கடை வெச்சிகினு கீறாரு. எங்க ஊரு ஆளுங்க நெறைய பேர் அங்கதான்.

— எனக்கு மேப் கொஞ்சம் தெரியும்டா. பெய்ரூட்லேர்ந்து ஆப்பிரிக்காவுக்குத் தாம்பரம் வழியா எந்த பஸ் போகுது?

— இந்த வழியா டிக்கெட்டு நான்தான் கேட்டு வாங்கினேன் அங்கிள். ஆன்ட்டியப் பார்த்துட்டுப் போலாம்னு.

— என்னைப் பாக்க இல்ல.

— உங்களையும்தான்.

— அந்த 'உம்'மை முதல்லயே போட்டிருக்கணும். பரவாயில்ல. எத்தனை நாள் இருப்ப?

— மாடில ரெண்டு மூணு நாளு இருந்துக்கலாமா? ரூம் காலிதான?

— காலிதான். உங்களுக்கப்புறம் யாருக்கும் விடலை. நிறையப் பேர் வந்தாங்க. ஒருத்தன் ஆர்மோனியம் வாசிப்பேன்னான், வேண்டாம்னேன். ஒருத்தன் வாசிக்க மாட்டேன்னான், அவனையும் வேண்டாம்னேன். ஆனா சட்டம் தெரியுமில்ல? அது ரெண்டு பேருக்கான ரூம். ஒருத்தனுக்குக் கெடையாது. என்னடா, தமாஷுக்குச் சொன்னேன்.

— தெரியும் அங்கிள்.

— மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? காபி அவ்வளவு மோசமா?

— இல்ல. நல்லா கீது.

— பொய் சொல்லக் கத்துக்கிட்டு வந்திருக்க. பேப்பர்ல அப்பப்ப வருதுடா உங்க ஊர். உள் பக்கத்துல, ஓரமா. ஷியா போராளிகள் மோதல்னு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியில நீங்க எந்த வரியில இருக்கீங்கன்னு தேடுவோம். கடுதாசி போட்டா போன வேகத்துல திரும்பி வந்துடுது.

— தபால் இல்ல அங்கிள். ஒண்ணுமே இல்ல. ரெண்டு வரியிலயும் கீறோம். ஒண்ணுல அவன், ஒண்ணுல நான்.

— வெளங்கலை. ரெண்டு பேரும் ஷியாதானே? நம்ம ரேடியோ ரிப்பேர் கரீம் பாயைக் கேட்டேன். எங்க பிரிவு வேற, அவங்க பிரிவு வேற, எனக்கே சரியாத் தெரியாதுன்னு கழண்டுக்கிட்டாரு.

— ஷியாலயே ரெண்டு கட்சி. பழசு அமல். எங்க நைனா, மாமா, ஊர்ல பாதிப் பேரு அதுலதான். சிரியா அவங்களுக்கு சப்போர்ட்டு. அப்பறம் இஸ்ரேல்காரன் எங்க ஊருக்குள்ள பூந்தான்ல, நாங்க இங்க படிச்சிகினு இருந்தப்போ... அதுக்கப்பறம் மொளைச்சது ஹிஸ்புல்லா. அதுக்கு ஈரான்காரங்க ட்ரெயினிங்கு.

— அந்த வருஷம் நல்லா ஞாபகம் இருக்கு. உன் ஆன்ட்டி மேரி உங்க அம்மாவுக்காக ஜெபமாலை சொன்னா. பேரு வாயில நுழையலை. 'நபாத்தியா ஊர்ல இருக்கிற, எங்க மாடிப் பசங்க ரெண்டு பேரோட அம்மா'ன்னு மாதாகிட்ட அட்ரஸ் குடுத்தா.

— அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. நாங்க படிச்சி முடிச்சிட்டுத் திரும்பிப் போனப்போ, இஸ்ரேல்காரன் எங்க வூட்டுக்கு மேல மலையில உக்காந்துகினு கீறான். தோட்டத்தாண்ட போவ முடியாது. போட்ட புகையிலை செடியிலயே காஞ்சிகினு கீது. நைனா வாசல்ல உக்காந்து அத்தயே பார்த்துகினு இருப்பாரு. அதப் பார்த்துட்டு ரெண்டு பேரும் துப்பாக்கி எடுத்தோம். அவன் நைனா சொன்ன கட்சி.

— நீ நைனா சொல்லாத கட்சி.

— ஆமா.

— செருப்பை வெளியில விடுன்னு நான் சொன்னதையே நீ என்னைக்குக் கேட்ட? போகட்டும். கட்சி ரெண்டா உடையறது எங்களுக்கும் தெரிஞ்ச சங்கதிதான். இங்க கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அடிச்சுக்குவாங்க, சாயங்காலம் ஒரே டீக்கடை.

— அங்க டீக்கடையும் போயிட்ச்சி.

— நீ என்ன வேலை பண்ணின? சுட்டியா?

— லாரி ஓட்டினேன் அங்கிள். மாவு, மருந்து, ஆளு. கொஞ்ச நாளு கழிச்சி மூடின பொட்டி. உள்ள இன்னான்னு கேக்க மாட்டேன். நான் எங்க போறனோ அங்க மறுநாளு வெடிக்கும்.

— வெளிநாட்டுக்காரங்களையெல்லாம் கடத்தி ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு போட்டிருந்தானே...

— என்னாண்ட யாரும் இல்ல. பையத் தொறந்து பாருங்க.

— சும்மா கேட்டேன்டா. சும்மா இல்ல, அவ கேப்பா, அதான். அவளுக்குக் கவலை. ஜவாத் என்ன பண்ணினான்?

— அவன் பேஜாராயிட்டான். அமல்காரங்க பாலஸ்தீன அகதி கேம்ப்ப சுத்தி வளைச்சாங்க, மாசக் கணக்கா. உள்ள சோறு போவாது. இவன் வெளிய காவலு. இங்க எங்க கூட காலேஜ்ல ஒமருன்னு ஒருத்தன் படிச்சான்ல, ஞாயித்துக்கெழம வந்து ஆன்ட்டியாண்ட மீன் கொழம்பு சாப்புடுவான்ல, அவன் வூடு அந்த கேம்ப்புக்குள்ள. ஜவாத் வூட்டுக்கு வந்தா தட்டுல கையே வெக்க மாட்டான்.

— ஒமர் முள்ளைக்கூட நல்லாச் சுத்தமாத் தின்னுவான்... அப்புறம்?

— அப்பறம் இன்னா... எங்க ரெண்டு கட்சிக்கும் சண்ட வந்திச்சி. மொதல்ல ஊர்ப் பக்கம், அப்பறம் பெய்ரூட்டுக்குத் தெக்கால. அது எப்டிக் கீதுன்னா, நம்ம பல்லாவரம், குரோம்பேட்டை மாதிரி அங்கிள். ஊருக்கு வெளிய, வூட்டு மேல வூடு, சந்து, தண்ணி லாரி. இஸ்ரேல்காரன விரட்றதுக்குன்னு எடுத்த துப்பாக்கி. எந்த சந்து யாருக்குன்னு ஆயிப்போச்சி. அண்ணன் இதுல, தம்பி அதுல, எத்தினியோ வூட்ல அப்டி. எங்க வூடு மட்டும் இல்ல.

— நீங்க ரெண்டு பேரும் என் வீட்டு மாடியில போட்ட சண்டையைவிடப் பெரிசா? ஃபேன் யார் பக்கம் திரும்பணும்னு ஒரு வாரம். கேசட்டுக்கு ஒரு வாரம். அந்த மண்ணு வில்லைக்கு ஒரு நாள்.

— அது சண்ட இல்ல. ஆன்ட்டி அத்த சோப்புன்னு நெனச்சி பாத்ரூம்ல வெச்சிட்ச்சி.

— தொழறப்ப நெத்திக்குக் கீழ வைக்கிற கர்பலா மண்ணுன்னு எங்களுக்கு எப்படிடா தெரியும்? நான் அதுல ஒரு தடவை முதுகு தேய்ச்சிருக்கேன், அதை இன்னைக்கு வரைக்கும் உங்ககிட்ட சொல்லலை. நொரை வரலையேன்னு சோப்புக் கம்பெனியைத் திட்டினேன்.

— தெரியும் அங்கிள். ஆன்ட்டி சொல்லிட்ச்சி. அன்னிக்கி நைட்டு பூரா அழுது, மறுநாளு பட்டுத் துணில பை தெச்சிக் குடுத்திச்சி. ஜவாத்து அந்தப் பைய கழுத்துலதான் மாட்டிகினு இருப்பான்.

— எல்லாத்தையும் சொல்லிடுவா. எதையும் உள்ள வெச்சுக்கத் தெரியாது.

— நாங்க சண்ட போட்டா மட்டும் பேசாது. அடுப்பாண்ட திரும்பி நின்னுக்கும்.

— அவ சட்டம் அது. தனியா வந்தாச் சோறு கெடையாது, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கேக்கணும். நான் சிபாரிசு பண்ணினேன், எனக்கும் ஒரு வேளை கட் ஆச்சு.

— மொதல்ல யாரு பேசறதுன்னு எங்களுக்குப் பிரச்சன. மன்னிச்சிக்கோன்னு எவன் சொல்லுவான்? அதனால, யாருக்கு முடியலையோ அவன் வந்து, 'ஆன்ட்டி கூப்புடுது, சாப்புட வா'ன்னு சொல்லுவான். அவ்ளோதான். சண்ட முடிஞ்சிரும்.

— அவ கூப்பிட்டிருக்கவே மாட்டாடா. கீழ நாங்க கேட்டுக்கிட்டுதான் இருப்போம். 'நான் எப்பங்க கூப்பிட்டேன்'னு எங்கிட்ட முணுமுணுத்துக்கிட்டே அப்பளம் பொரிக்க ஆரம்பிச்சிடுவா.

— அதுவும் எங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போனப்பறமும் எங்களுக்குள்ள தமிழ்தான் அங்கிள். நைனாவுக்குத் தெரியாம சிகரெட்டு விஷயம், துட்டு விஷயம், பொண்ணுங்க விஷயம், எல்லாம் தமிழ்ல. பிசாசு பாஷைன்னு அம்மா திட்டும். கட்சி ரெண்டானப்பறமும் வூட்ல பார்த்துகினா தமிழ்தான். அரபில பேசினா சண்டதான் வருது.

— அதையும் என்ன தமிழ்டா, கந்தசாமி டீக்கடைத் தமிழ். நல்ல தமிழ் கத்துக்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

— மணி இன்னா அங்கிள்? ஆன்ட்டி வர நேரம் ஆவலியா?

— லேட் ஆகும் போல. சில நாள் அங்கேயே தங்கிடுவா. என்ன சொல்லணுமோ எங்கிட்ட சொல்லேன்.

— அதுகிட்டதான் சொல்லணும்.

— நான் சொல்லிடறேன்டா அவகிட்ட.

— இல்ல. அது எதிர்ல நின்னு சொல்லணும். திட்டு வாங்கணும். அடிச்சாலும் பரவால்ல. எங்க அம்மா ஒண்ணுமே கேக்கல அங்கிள். நைனாவும் கேக்கல. ஒருத்தரும் திட்டல. அதான் என்னால முடியல.

— ஹைதர்... ஜவாத் எங்கடா?

— சொன்னன்ல. காரு...

— எந்த ஊர்ல கார் விக்கறான்? டேய்.

— போன வருசம் மே மாசம் அங்கிள்.

— மாதாவே.

— ஆன்ட்டி வந்தப்பறம் சொல்லலாம்னுதான்...

— பரவாயில்ல. இப்ப சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயாச் சொல்லு.

— லாரி ஓட்றவன் கையிலயும் துப்பாக்கி குடுத்துட்டாங்க, ஆளு பத்தல. ஒரு தெரு. இந்தாண்ட மணல் மூட்ட போட்டு நாங்க. அந்தாண்ட அவங்க. நடுவுல மூடின பேக்கரி ஒண்ணு. மத்தியானம். சண்ட கொஞ்சம் நின்னு போயி, எல்லாம் பசியில குந்திகினு கீறோம். நான் இங்க கீறேன்னு அவனுக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியல. அந்தாண்டேர்ந்து ஒரு கொரலு. எம் பேரு சொல்லல. 'ஆன்ட்டி கூப்புடுது, சாப்புட வா'ன்னு. எனக்கு சிரிப்பு வந்திட்ச்சி அங்கிள். நெஜமா. அந்தத் தெருவுல, அந்த நேரத்துல. இவன்தான் மொதல்ல தோத்துட்டான், நான் கெலிச்சிட்டேன்னு.

— உங்க ஆளுங்க?

— அவங்களுக்கு இன்னா பாஷைன்னு தெரியல. ஒருத்தன் இஸ்ரேல்காரன் பாஷ, ஹீப்ருன்றான். ஒருத்தன், இது ஏதோ சங்கேதம், பின்னாடி ஆளு வர்றான்றான். அவன் பாட்டுக்கு மூட்டையத் தாண்டி வெளிய வந்துட்டான். கையில துப்பாக்கி இல்ல. சட்டைக்குள்ள கைய வுட்டுகினு வர்றான். சிகரெட்டு எடுக்கறான்னு எனக்குத் தெரியும், அவன் அங்கதான் வெச்சிருப்பான். அவங்களுக்குத் தெரியாதே.

— நீ சொல்ல வேண்டியதுதானேடா, அது என் தம்பின்னு.

— சொன்னேன் அங்கிள். கத்தினேன். தொண்ட கிழியக் கத்தினேன். சுடாதீங்க, சுடாதீங்க, அது என் தம்பி, அவன் சாப்புடத்தான் கூப்புட்றான்னு.

— அப்புறமுமா?

— தமிழ்ல கத்தினேன் அங்கிள். அவன் தமிழ்ல கூப்ட்டான்ல, எனக்கும் அதான் வாயில வந்திச்சி. பக்கத்துல நின்னவன் என் மூஞ்சியவே பார்க்கறான். ஒரு வார்த்த அவனுக்குப் புரியல. நான் பயந்துட்டேன்னு நெனச்சிகினு என் தோள அமுக்கி உக்கார வெச்சான். நல்லவன் அவன். அப்பறம் அவங்க... அவ்ளோதான். அதுக்கப்பறம் கொஞ்ச நாளு எனக்கு அரபி வரல. யாரு இன்னா கேட்டாலும் முழிச்சிகினு இருப்பேன். ஆன்ட்டியாண்ட இத்தச் சொல்லணும். அது கூப்டாமலே கூப்ட்டுச்சின்னு சொல்லிகினு இருந்தோம்ல, கடசியா ஒருவாட்டி அப்டிச் சொன்னான்னு. அது எனக்கு ஏதாவது சொல்லும், எதுவா இருந்தாலும் வாங்கிகினு போயிட்றேன். பஸ்ஸு எப்ப அங்கிள்?

— பஸ் வர நேரந்தான்... நீ கார் யாவாரம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்டா. பொய் சொல்றவன் எப்படி உக்காருவான்னு எனக்குத் தெரியாதா, எதிர்ல நானும் அப்படித்தானே உக்காந்திருந்தேன்? மேரி போய்ச் சேர்ந்து ரெண்டு கிறிஸ்துமஸ் ஆயிடுச்சு. அவன் அந்தத் தெருவுல நின்னு கூப்பிடறப்பவே அவ இல்லைடா. ரூம் கேக்க வர்றவன், கேஸ் சிலிண்டர்காரன், யாரு கேட்டாலும் பம்மல் போயிருக்கான்னு சொல்லிடறது. சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணுமில்ல, அதனால சாயங்காலம் ஆனா குரோம்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் போய் நிப்பேன். கேட்டைத் தூக்கினதும் பஸ்ஸை விட்டு எறங்கின பொம்பளைங்கள்லாம் பையும் கையுமா லைனைத் தாண்டி வருவாங்க. கடைசி ஆளும் வந்து முடிஞ்சதும் நான் திரும்பிடுவேன். இரு, சட்டையை மாட்டிக்கறேன். நீயும் வா. ரெண்டு பேரா நின்னா, நெஜமாவே யாரோ வரப்போறாங்கன்னு பாக்கறவங்களுக்குத் தோணும்.